ஷிராகாவா-கோ மலைக்கிராமத்துக்குக் குடும்பத்துடன் ஒரு நாள் சென்று வருவது எப்படி

ஜப்பானின் நடுப்பகுதியில், கிஃபு மாகாணத்தின் வடமேற்கு மூலையில், ஹக்குசான் மலைக்குக் கிழக்கே ஷோ ஆறு வடக்கு நோக்கி ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில் ஷிராகாவா-கோ அமைந்திருக்கிறது. அங்குள்ள பெரிய குடியிருப்பான ஓகிமாச்சியும், ஆற்றின் போக்கில் இன்னும் வடக்கே டோயாமா மாகாணத்தின் கோகயாமா பகுதியில் உள்ள ஐனோகுரா, சுகானுமா என்னும் இரண்டு சிற்றூர்களும் 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கூப்பிய கைகளைப் போல இருபுறமும் செங்குத்தாகச் சரியும் பெரிய புல்கூரை வீடுகள்தான் இந்த ஊர்களின் அடையாளம். இந்த வீட்டு அமைப்பை ஜப்பானியர் காஷோ-சுகுரி என்கிறார்கள்.

இங்கே வரும் குடும்பங்களில் பல, மேட்டில் உள்ள காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடைகள் நிறைந்த நடுத்தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் ஓர் அழகான படம் கிடைக்குமே தவிர ஊர் பிடிபடாது. இந்த ஊரின் அருமை முழுவதும் கூரைக்கு அடியில் இருக்கிறது. ஆகவே நாள் முழுவதற்குமான திட்டத்தை ஒரே ஒரு வீட்டைத் தரைத்தளத்திலிருந்து உச்சிப்பரண் வரை பொறுமையாகப் பார்ப்பதை மையமாக வைத்து அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. போக்குவரத்து, உணவு, ஓய்வு ஆகிய மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அதற்கு இடம் கொடுக்கும் வகையில் அமைந்தால் போதும்.

எங்கிருந்து புறப்படுவது

டோக்கியோவிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புவது, குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு ஏற்றதல்ல. பயணத்திலேயே பொழுது கழிந்துவிடும். முந்தைய இரவைத் தகாயமாவிலோ கனசாவாவிலோ கழிப்பதுதான் முறையான வழி. தகாயமாவிலிருந்து நேரடிப் பேருந்தில் சுமார் 50 நிமிடங்களிலும், கனசாவாவிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்திலும் ஊரை அடைந்துவிடலாம். நகோயாவிலிருந்தும் நேரடிப் பேருந்து உண்டு என்றாலும், அதில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். நகோயாவில் வசிப்பவர்கள் ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் அதற்கு அதிகாலையிலேயே கிளம்பியாக வேண்டும்.

இரண்டு ஊர்களில் எனக்குத் தகாயமாவே பொருத்தமாகத் தோன்றுகிறது. நகோயாவிலிருந்து ஹிடா விரைவு ரயில் ஆற்றங்கரையை ஒட்டியே மலையேறி சுமார் இரண்டரை மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையமும் இருப்பதால், குழந்தைகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. டோக்கியோவிலிருந்து வருவோருக்குக் கனசாவாவும் வசதியானதுதான். 2015-இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் அங்கே நீட்டிக்கப்பட்ட பிறகு பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. தகாயமாவில் தங்கி, காலையில் ஷிராகாவா-கோவுக்கு வந்து, மாலையில் அங்கிருந்தே கனசாவாவுக்குப் பேருந்து ஏறிவிடுவது பலருக்கும் ஏற்ற திட்டமாகும். வந்த வழியே திரும்பும் நேரம் அதில் மிச்சமாகிறது. அப்படிச் செல்பவர்கள் பெரிய பெட்டிகளைத் தகாயமா விடுதியிலிருந்தே தக்யூபின் என்னும் பொதி அனுப்பும் சேவை வழியாக அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுவது நல்லது. பொதி மறுநாள்தான் போய்ச் சேரும் என்பதால், ஓர் இரவுக்கான உடையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓகிமாச்சிப் பேருந்து நிலையத்தில் பெட்டிகளை வைக்க இடம் உண்டு என்றாலும், கூட்டமான நாள்களில் அது சீக்கிரமே நிரம்பிவிடும்.

பேருந்துகளில் சிலவற்றுக்கு முன்பதிவு கட்டாயம். சிலவற்றில் வரிசையில் நின்று ஏறலாம். குடும்பமாகச் செல்பவர்கள், ஐந்து பேருக்கு ஒரே பேருந்தில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வரிசையில் நிற்காமல், போகவும் வரவும் முன்பதிவு உள்ள பேருந்துகளையே தேர்ந்தெடுப்பது நல்லது. குறிப்பாகத் திரும்பும் பேருந்தை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப நினைப்பதால் அந்த வண்டிகளே முதலில் நிறைகின்றன. நாடு முழுவதுக்குமான ஜேஆர் ரயில் சீட்டு இந்தப் பேருந்துகளுக்குச் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம்தான்.

சொந்தமாகவோ வாடகைக்கோ கார் ஓட்டிச் செல்பவர்களுக்கு 2008-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட டோகாய்-ஹோகுரிகு விரைவுச்சாலை இருக்கிறது. அதில் வரும் ஹிடா சுரங்கப்பாதை மட்டும் ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர் நீளமுள்ளது. இருட்டில் நீண்ட நேரம் செல்வதைக் கண்டு பயப்படும் சிறு குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கப்படும், 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படியான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். அதைப் புறப்படும் முன் ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை பொருத்துவது சட்டப்படி கட்டாயம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச்சக்கரம் பூட்டாத வண்டியில் இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையவே கூடாது. பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் குளிர்காலத்தில் பேருந்தில் செல்வதே பாதுகாப்பு.

எந்தப் பருவத்தில்

நான்கு பருவங்களிலும் இந்த ஊருக்கு நான்கு முகங்கள் உண்டு. ஏப்ரல் கடைசியில் செர்ரி மலர்கிறது. மே மாத இறுதியை ஒட்டி நாற்று நடுகிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மலைச்சரிவுகள் சிவந்து மஞ்சளாகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் கூரைகள் பனிக்குள் புதைகின்றன. குடும்பத்துடன் முதன்முறை செல்பவர்களுக்கு மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரையான நாள்களை நான் பரிந்துரைக்கிறேன். வயல்களில் தண்ணீர் கட்டியிருக்க, கூரைகளின் நிழல் அதில் விழுந்து கிடக்கும். வெயிலும் கடுமையாக இராது. மே மாதத் தொடக்கத்தில் வரும் தொடர் விடுமுறைக் கூட்டமும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், ஆகஸ்ட் மாத நண்பகல் நன்றாகவே சுடும். மலைக்கிராமம் என்பதற்காகக் கோடையில் குளிரை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியில் சில குறிப்பிட்ட மாலைகளில் மட்டும் வீடுகளுக்கு ஒளியூட்டும் நிகழ்ச்சி நடக்கிறது. முன்பதிவு இல்லாமல் அன்று உள்ளே வர முடியாது. இருட்டிய பிறகு உறையும் குளிரில் நெடுநேரம் நிற்க வேண்டியிருப்பதால், கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அது உகந்ததல்ல. அதே பருவத்தில் சாதாரண நாளின் பகல்வேளையில் வந்தால், பனியையும் பார்க்கலாம், குழந்தைகளும் விளையாடலாம். குளிர்காலத்தில் அனைவருக்கும் வழுக்காத அடிப்பாகமும் நீர் புகாத மேற்பாகமும் கொண்ட காலணி அவசியம். சாதாரண விளையாட்டுக் காலணியில் நடந்தால் பத்தே நிமிடத்தில் காலுறை நனைந்துவிடும், அதன் பிறகு குழந்தைகளுக்கு எதிலும் மனம் செல்லாது.

இன்னும் இரண்டு சிறப்பு நாள்கள் உண்டு. அக்டோபர் 14, 15 தேதிகளில் ஓகிமாச்சியின் ஹச்சிமான் கோயிலில் தோபுரோகு திருவிழா நடக்கிறது. வடிகட்டாத அரிசி மதுவைத் தெய்வத்துக்குப் படைத்து, சிங்க நடனம் ஆடி, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா அது. இலையுதிர்காலக் கடைசியில் ஒரு நாள், ஊர் முழுவதும் பதித்துள்ள தீயணைப்புப் பீரங்கிகளை ஒரே நேரத்தில் திறந்து, கூரைகளுக்கு மேல் தண்ணீர் வளைவுகள் எழும் ஒத்திகையை நடத்துகிறார்கள். இரண்டும் காணத்தக்கவை, ஆனால் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், வீட்டுக்குள் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பது அன்று கைகூடாது.

காலை: முதலில் மேடு, பிறகு வீடு

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னோ பின்னோ தகாயமாவிலிருந்து கிளம்பும் பேருந்தைப் பிடித்தால், ஒன்பது மணியளவில் ஊரின் வடமுனையில் உள்ள பேருந்து நிலையத்தில் இறங்கிவிடலாம். பத்தரை மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து சேர்கின்றன. அதற்கு முன் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாளின் மிகச் சிறந்த பகுதி. அதைக் கடைகளில் செலவழிக்கக் கூடாது. நிலையத்தின் கழிப்பறையில் குழந்தைகளை ஆயத்தப்படுத்திக்கொண்டு, நேராகக் காட்சிமுனைக்குச் செல்ல வேண்டும்.

ஷிரோயாமா எனப்படும் அந்த மேட்டுக்கு ஊரின் பெரிய புல்கூரை வீடான வாதா இல்லத்தின் அருகிலிருந்து ஒரு சிறிய பேருந்து போகிறது. நடந்தால் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை ஏறும்போது வண்டியில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் நடக்கலாம். பனிக்காலத்தில் நடைபாதை மூடப்பட்டிருக்கும். இந்த மேடு ஒரு காலத்தில் ஓகிமாச்சிக் கோட்டை இருந்த இடமாகும். இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட உச்சிகாஷிமா குலத்தாரின் தலைமைக் கோட்டையான காயெரிகுமோ, 1586-இல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஊரோடு புதையுண்டது. அந்தக் குலமும் அத்துடன் அழிந்தது. மேட்டில் நின்று சுற்றியுள்ள செங்குத்தான சரிவுகளைப் பார்க்கும்போது அந்தச் செய்தியை வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம்; இவ்வளவு குறுகிய இடத்தில் இவ்வளவு உறுதியான வீடுகளை ஏன் கட்டினார்கள் என்ற கேள்வி அவர்களுக்குத் தானாகவே எழும்.

மேலிருந்து பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். கூரைகள் பெரும்பாலும் ஒரே திசையில் நிற்கின்றன. முக்கோண முகப்புகள் வடக்கையும் தெற்கையும் நோக்க, சரிவுகள் கிழக்கையும் மேற்கையும் பார்த்திருக்கின்றன. பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வீசும் காற்று அகன்ற கூரையின் மீது மோதாமல் முகப்பைத் தொட்டுக் கடந்துவிடுகிறது. காலை வெயில் ஒரு சரிவிலும் மாலை வெயில் மறு சரிவிலும் விழுவதால், இரண்டு பக்கத்துப் பனியும் ஏறக்குறைய ஒரே அளவில் உருகிப் புல்லும் உலர்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பனி தங்கினால் அந்தப் பாரத்தில் வீடு சாய்ந்துவிடும். இதை மேலிருந்து ஒருமுறை பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு வீட்டுக்குள் நுழைந்தால், உள்ளே காணும் ஒவ்வொரு மரமும் எதற்காக இருக்கிறது என்பது எளிதில் விளங்கும். மேட்டை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இறங்கி வந்ததும் வீடு. ஓகிமாச்சியில் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் வீடுகளில் வாதா இல்லமே மிகப் பெரியது. சுமார் 300 ஆண்டுப் பழமையுள்ள அதன் ஒரு பகுதியில் அந்தக் குடும்பத்தார் இன்னமும் வாழ்கிறார்கள். ஊர்த்தலைமைப் பொறுப்பையும் வெடியுப்பு வணிகத்தையும் கையாண்ட குடும்பம் என்பதால், அதன் அறைகளில் செல்வத்தின் சாயல் தெரியும். ஆனால் குழந்தைகளுடன் செல்பவர்கள் ஒரே வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் காண்டா இல்லத்தைச் சொல்வேன். வாதா குடும்பத்திலிருந்து கிளைபிரிந்தவர்கள் கட்டிய வீடு அது. அங்கே தரைத்தள அடுப்பிலிருந்து மேல்பரண் வரை ஏறிப் பார்க்கலாம், கூட்டமும் சற்றுக் குறைவு. எந்த வீட்டுக்கும் நுழைவுக் கட்டணம் சில நூறு யென்தான். சில்லறையும் ஆயிரம் யென் தாள்களும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் ஊரில் பல இடங்களில் பணமாகவே கொடுக்க வேண்டியிருக்கும்.

வாசலில் காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். இது நமக்குப் பழகிய வழக்கம்தான் என்றாலும், குளிர்காலத்தில் மரத்தரை சில்லிட்டுக் கிடக்கும் என்பதால், தடித்த காலுறை ஒன்றைக் கூடுதலாகக் கொண்டு செல்ல வேண்டும். உள்ளே மாடிப்படிகள் ஏணியைப் போலவே செங்குத்தானவை. குழந்தை வண்டியை வெளியே விட்டுவிட்டு, கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பையில் சுமப்பதுதான் வழி. தாத்தா, பாட்டி ஏற முடியாவிட்டால் அவர்கள் கீழே அடுப்பருகே உட்கார்ந்திருக்கலாம். அது குறையாகத் தோன்ற வேண்டியதில்லை, அந்த இடம்தான் வீட்டின் நடுநாயகம்.

தரையில் குழியாக வெட்டி, மேலே கெண்டி தொங்கவிடப்பட்ட அந்த அடுப்பை இரோரி என்கிறார்கள். அதில் எரியும் விறகின் புகைக்குப் புகைபோக்கி கிடையாது. புகை நேராக மேலே ஏறி, ஒவ்வொரு பரணின் இடைவெளி விட்ட தரை வழியாகவும் கசிந்து, கூரைப்புல்லில் ஊறி வெளியேறுகிறது. அந்தப் புகைதான் புல்லை உலர்த்தி, பூச்சி அரிக்காமல் காத்து, கட்டுக் கயிறுகளை இறுக வைத்திருக்கிறது. மரங்கள் அனைத்தும் கன்னங்கரேலென்று மின்னுவது பல தலைமுறை அடுப்புக்கரியால்தான். காண்டா இல்லத்தில் முதல் தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே உள்ள இடைத்தட்டில் ஒரு சிறு சாளரம் இருக்கிறது. மேலே வேலை செய்பவர்கள் அதன் வழியே அடுப்பு நெருப்பை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். புல்வீட்டில் நெருப்பை வளர்த்து வாழ்ந்தவர்களின் கவலை அந்தச் சாளரத்தில் தெரிகிறது. குழந்தைகளை அங்கே நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

பரண்கள் முழுவதும் ஒரு காலத்தில் பட்டுப்புழுக்களுக்கு உரியவை. விளைநிலம் குறைவான இந்த மலையில் அரிசி போதுமான அளவு விளையாது. ஆகவே அடுப்பின் வெதுவெதுப்பு மேலேறும் அடுக்கு அடுக்கான பரண்களில் முசுக்கட்டை இலையைப் போட்டுப் புழு வளர்த்தார்கள். கூரை இவ்வளவு உயரமாக எழும்பியதற்குப் பனி ஒரு காரணம் என்றால், பட்டு இன்னொரு காரணம். தரைக்கு அடியில் குழி வெட்டி, மண்ணையும் புழுவின் கழிவையும் காட்டுப்பூண்டுகளையும் சேர்த்துப் பல ஆண்டு மக்கவைத்து வெடியுப்பு எடுத்ததும் இந்த வீடுகளில்தான். கோகயாமாவில் எடுக்கப்பட்ட வெடியுப்பு காகா ஆட்சியாளரின் துப்பாக்கி மருந்துக்குப் போனது. வெளியுலகம் எட்டாத ஏழைக் கிராமமாகத் தோன்றும் ஓர் இடம், பட்டின் வழியாகச் சந்தையோடும் வெடியுப்பின் வழியாகப் போரோடும் பிணைந்திருந்தது.

உச்சிப்பரணில் கட்டுமானத்தைப் பார்ப்பதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது ஒதுக்க வேண்டும். சுமார் 60 பாகைச் சரிவில் நிற்கும் பெரிய கைமரங்கள் எதிலும் ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும், நேசோ எனப்படும் முறுக்கிய இளங்கொம்புகளும்தான் அவற்றைப் பிணைக்கின்றன. பச்சையாக இருக்கும்போது கட்டப்படும் அந்தக் கொம்பு, காயக் காய இறுகும். கைமரத்தின் அடி முனையைக் கூராகச் சீவி, கீழ் உத்தரத்தில் உள்ள குழியில் நிறுத்தியிருக்கிறார்கள், இறுக்கிப் பூட்டவில்லை. பெருங்காற்றும் பனிப்பாரமும் வந்தால் கூரை சற்று அசைந்து கொடுத்து மீண்டும் நிலைக்கு வரும். இன்னும் கீழே, வளைந்த உத்தரங்கள் தென்படும். மலைச்சரிவில் பனியின் அழுத்தத்தால் அடிவளைந்து வளர்ந்த மரங்களை அப்படியே, அந்த வளைவின் வலிமைக்காகவே தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தியவை அவை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒரு முடிச்சை மட்டும் வரையச் சொன்னால், எந்தக் கைபேசிப் படத்தையும் விட அது மனத்தில் நிற்கும்.

கூரைப்புல்லை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியாகச் செய்யக்கூடிய வேலையன்று அது. யுய் என்னும் கைம்மாற்று முறையில் ஊரே திரண்டு வந்து, ஒரு வீட்டின் ஒரு சரிவை ஓரிரு நாளில் மாற்றிக் கொடுக்கும்; யார் வீட்டுக்கு யார், எத்தனை பேராக வந்தார்கள் என்று எழுதி வைத்து, பிறகு அதே அளவு உழைப்பைத் திருப்பிக் கொடுப்பார்கள். அண்டை வீட்டாரின் கணக்கு தலைமுறை கடந்தும் தீர்க்கப்படும். 2001-இல் நாகாசே இல்லத்தின் கூரை பல நூறு பேர் சேர்ந்து இந்த முறையில் மாற்றப்பட்டது. இப்போது பல கூரைகளைத் தொழில்முறையாகக் கூரை வேய்பவர்கள் அரசின் உதவிப்பணத்துடன் மாற்றுகிறார்கள் என்றாலும், யுய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோ செல்பவர்களுக்கு ஏதேனும் ஒரு வீட்டில் கூரை வேலை நடப்பதைக் காணும் வாய்ப்பு உண்டு. அப்படிக் கண்டால் மற்றத் திட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு, ஒதுக்குப்புறமாக நின்று அதைப் பாருங்கள்.

மதிய உணவு

பதினொரு மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுவது நல்லது. பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாக் கடைகளிலும் வரிசை நிற்கும், பிற்பகல் மூன்று மணிக்குள் பலரும் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அசைவம் உண்பவர்களுக்கு ஹிடா மாட்டிறைச்சியும், உப்பிட்டுச் சுட்ட ஆற்று மீனும் எளிதில் கிடைக்கும். ஹோபா மிசோ என்பது உலர்ந்த பெரிய இலையின் மேல் மிசோ என்னும் புளித்த சோயா விழுதையும் காளானையும் வெங்காயத்தையும் வைத்துச் சூடாக்கிச் சோற்றோடு உண்பது. கல் தோஃபு எனப்படும் கெட்டியான சோயாக் கட்டி இந்த ஊரில் பெயர்பெற்றது. சோயாவை அரைத்துச் செய்யும் சுத்தாதே என்னும் கெட்டிக் குழம்பும் குளிர்காலத்துக்கு மிகவும் இதமானது. சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, இனிப்பும் உப்பும் கலந்த சாறு பூசிச் சுடும் கோஹே-மோச்சியைக் குழந்தைகள் பெரும்பாலும் விரும்பி உண்பார்கள்.

சைவ உணவு மட்டும் உண்ணும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இறைச்சி கண்ணுக்குத் தெரியாத சூப்பிலும் சோபா நூடுல்ஸிலும் காய்கறிக் கூட்டிலும்கூட, உலர்ந்த மீன் சீவலில் எடுத்த டாஷி என்னும் சாறு கலந்திருப்பது வழக்கம். "நிக்கு தோ சகானா வா தாபேமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று பொருள். அதோடு "டாஷி மோ" என்று சேர்த்துச் சொன்னால் சாறும் வேண்டாம் என்பது விளங்கும். ஆனாலும் சிறிய கடைகளில் தனியாகச் சமைத்துத் தருவதற்கு வசதி இருக்காது. அவர்களை வற்புறுத்துவது முறையன்று. ஜப்பானிலேயே வசிப்பவர்கள் புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டி எடுத்துச் செல்வதும், பயணிகள் முந்தைய நாளே தகாயமாவின் பல்பொருள் அங்காடியில் பழம், ரொட்டி, கடலை, தயிர் போன்றவற்றை வாங்கிவைத்துக்கொள்வதும் மன அமைதி தரும். கட்டுச்சோற்றை உண்ண ஆற்றுக்கு அப்பால் உள்ள செசெராகி பூங்காப் பக்கம் ஏற்ற இடம். ஊரில் குப்பைத்தொட்டி கிடையாது. ஒரு பையில் கட்டி விடுதிக்கே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்.

பிற்பகல்: ஆற்றைக் கடந்து

ஊரின் மேற்குப் பக்கத்தில் ஷோ ஆற்றின் மேல் தெயாய் என்னும் 107 மீட்டர் நீளத் தொங்குபாலம் இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது அது இலேசாக ஆடும். சிறியவர்களைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலத்துக்கு அப்பால் வாகன நிறுத்துமிடமும், அதை அடுத்து மின்கா-என் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகமும் உள்ளன. மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய காஸுரா போன்ற மலைச் சிற்றூர்களிலிருந்து கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய வீடுகள், தண்ணீரால் இயங்கும் ஆலை, களஞ்சியங்கள் ஆகியவை அங்கே மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. இங்கு யாரும் குடியிருக்கவில்லை என்பதால், குழந்தைகள் ஓடியாடவும் சத்தமாகப் பேசவும் இடம் உண்டு. காலை முழுவதும் கட்டுப்பாட்டோடு நடந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. இந்தக் காரணத்துக்காகவே அதைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். குளிர்காலத்தில் அதற்கு வார விடுமுறை உண்டு. புறப்படும் முன் பார்த்துக்கொள்வது நலம்.

நேரம் மிஞ்சினால் மியோசென்ஜி கோயிலுக்குச் செல்லலாம். அங்கே மணிக்கூண்டு வாயிலுக்கும் புல்கூரைதான், கோயிற்குருவின் இல்லமே அடுக்குப் பரண்கள் கொண்ட பெரிய காஷோ வீடு. ஊரின் தென்கோடியில் உள்ள ஹச்சிமான் கோயில் வளாகத்தின் உயர்ந்த மரங்களின் நிழலில் பெரியவர்கள் இளைப்பாறலாம். இரண்டையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குடியிருக்கும் ஊரில் நடந்துகொள்ளும் முறை

ஓகிமாச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட காஷோ கட்டடங்கள் நிற்பது தற்செயல் அல்ல. 1935-இல் இங்கு வந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் இந்த வீடுகளின் அமைப்பறிவைப் போற்றி எழுதினார். ஆயினும் அடுத்த சில பத்தாண்டுகளில் ஷோ ஆற்றில் அணைகள் எழுந்தன. 1961-இல் முடிந்த மிபோரோ அணையின் நீரில் குடியிருப்புகள் மூழ்கின. புல்வீடுகள் விற்கப்பட்டு, கழற்றி வெளியூர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதைக் கண்ட ஓகிமாச்சி மக்கள் 1971-இல் ஒரு சங்கமாகக் கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அரசின் பாதுகாப்பு 1976-இல் வந்தது. யுனெஸ்கோவின் அங்கீகாரம் அதற்கும் பிறகுதான். மக்கள் தாங்களே காத்துக்கொண்ட ஊர் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துச் செல்வது, நூறு எச்சரிக்கைகளைவிடப் பயன் தரும்.

வீட்டு முற்றங்களிலும் வயல் வரப்புகளிலும் காலடி வைக்கக் கூடாது. சன்னல் வழியே எட்டிப் பார்க்கவோ, துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஒருவரைக் கேட்காமல் படம் எடுக்கவோ கூடாது. பார்வையாளருக்கு எனப் பலகை வைத்த வீடுகளைத் தவிர மற்ற அனைத்தும் தனியார் இல்லங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது நெருப்பு: குறித்த இடங்களுக்கு வெளியே புகைபிடிப்பதும், மத்தாப்புக் கொளுத்துவதும் அறவே கூடாது. ஒரு பொறி போதும், பக்கத்துக் கூரைகளும் சேர்ந்து எரியும். இந்த அச்சத்தால் ஊரார் முறைவைத்துத் தெருக்களைச் சுற்றி வந்து நெருப்பைப் பற்றி எச்சரிக்கும் வழக்கத்தை இன்றும் விடாமல் பின்பற்றுகிறார்கள். மலையோரக் காட்டுப்பாதைகளில் கரடி நடமாட்டம் உண்டு. எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்துக்கு அப்பால் பிள்ளைகளைத் தனியே போக விடாதீர்கள். ஏதேனும் அவசரம் நேர்ந்தால் மருத்துவ ஊர்திக்கும் தீயணைப்புக்கும் 119, காவல்துறைக்கு 110.

திரும்புவதும், கோகயாமாவும்

மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே கிளம்பும் பேருந்துக்கு முன்பதிவு செய்துகொண்டால், கால் மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருந்தால் போதும். வரும்போது பார்க்காமல் கடந்த கடைகளை இந்த நேரத்தில் பார்க்கலாம். கூட்டமும் கலையத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் காரில் வந்தவர்கள் இருட்டுவதற்கு முன் விரைவுச்சாலையை அடைந்துவிட வேண்டும், ஏனெனில் பகலில் உருகிய நீர் மாலையில் சாலையிலேயே உறைந்து கண்ணாடியாகிவிடும்.

ஷிராகாவா-கோவின் கூட்டத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்கும், முன்பே ஒருமுறை வந்தவர்களுக்கும் கோகயாமாவைச் சொல்வேன். சுகானுமாவில் ஒன்பது காஷோ வீடுகளும் ஐனோகுராவில் இருபதை ஒட்டிய எண்ணிக்கையிலும்தான் உள்ளன. அந்தச் சிறுமையே அவற்றின் பேறு. டோயாமா மாகாண நகரமான டக்காவோகாவிலிருந்து கோகயாமா வழியாக ஷிராகாவா-கோவுக்கு வரும் பேருந்தில் இவற்றை அடையலாம். வண்டிகள் ஒன்றுக்கொன்று நீண்ட இடைவெளியில் வருவதால், ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் முன்பே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே கையால் காகிதம் செய்யும் பட்டறைகளில் குழந்தைகள் தாங்களே ஓர் அஞ்சலட்டையை வார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஓகிமாச்சியையும் கோகயாமாவையும் சேர்க்க நினைப்பவர்கள் காரில் வந்தால் மட்டுமே அதை முயல வேண்டும். அப்போதும் காலையை ஓகிமாச்சியின் ஒரு வீட்டுக்கும், பிற்பகலைச் சுகானுமாவுக்கும் ஒதுக்கி, திறந்தவெளி அருங்காட்சியகத்தை விட்டுவிடுவதே சரியான பங்கீடு.